மரத்துக்கும் டபிள்யூபிசி பலகைக்கும் தீத்தடுப்பு மருந்து: தேர்வு, ஏற்றும் முறை, சோதனை – முழுமையான வழிகாட்டி

தீத்தடுப்பு மருந்து ஏற்றிய மரமும் எரியும். போதுமான நெருப்பும் நேரமும் கிடைத்தால் எந்த மரமும் கரியாகத்தான் போகும். மருந்தால் கிடைப்பது இவ்வளவுதான்: பலகை பற்றிக்கொள்ளத் தாமதமாகும், அதன் மேல் தீ ஓடும் வேகம் குறையும், வெளிவரும் வெப்பம் குறையும், நெருப்பை எடுத்துவிட்டால் மரம் தானாகவே அணைந்துவிட வாய்ப்பு உண்டு. ஒரு கல்யாண மண்டபத்திலிருந்தோ துணிக்கடையிலிருந்தோ ஆட்கள் வெளியேற அந்தச் சில நிமிடங்கள்தான் வேண்டியிருக்கிறது. அதனால் இது சின்ன விஷயம் இல்லை. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி பலகைக்கும் இதே கேள்விதான்; அதற்கான வழியைப் படி 9-இல் பார்க்கலாம்.

இந்த வேலையில் இறங்கும் எல்லோரும் முதலில் எந்தக் கெமிக்கல் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். என் கணக்கில் அது மூன்றாவது கேள்வி. பலகை எங்கே இருக்கப்போகிறது என்பது முதல் கேள்வி. ஒரு கன மீட்டர் மரத்துக்குள் எத்தனை கிலோ மருந்து உப்பு போயிருக்கிறது என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் உயர்ந்த விலை மருந்தை வாங்கித் தடவுவது வீண்செலவு. வீண்செலவோடு போனாலும் பரவாயில்லை. பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற பொய்யான நம்பிக்கையையும் அது தருகிறது.

முதலில் தெரிய வேண்டியது: மரம் எப்படி எரிகிறது

மரத்தில் ஏறக்குறைய பாதி செல்லுலோஸ். மீதியில் பெரும்பகுதி ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும். சுடராக எரிவது மரக்கட்டை இல்லை. சூட்டில் மரம் சிதைந்து வெளிவிடும் வாயுதான் எரிகிறது. ஹெமிசெல்லுலோஸ் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் சிதையத் தொடங்கும். செல்லுலோஸ் 300 டிகிரிக்குப் பக்கத்தில் வேகமாக உடைந்து லெவோகுளுக்கோசன் என்ற பொருளாக மாறும். எரியும் வாயுக்களில் பெரும்பங்கு அதிலிருந்து வருகிறது. லிக்னின் மெதுவாகச் சிதையும், அதிகம் கரியாகவே நிற்கும்.

மருந்துகள் இந்தப் பாதையில் வெவ்வேறு இடங்களில் குறுக்கே நிற்கின்றன. பாஸ்பரஸ் சேர்ந்த உப்புகள் சூட்டில் பாஸ்பாரிக் அமிலத்தை விடும். அந்த அமிலம் செல்லுலோஸிலிருந்து தண்ணீரைப் பிரித்து, அது வாயுவாகப் போவதற்கு முன்பே கரியாக்கிவிடும். கரி அதிகமானால் வாயு குறையும். மேலே படிந்த கரி உள்ளே இருக்கும் மரத்தைச் சூட்டிலிருந்து காக்கும். போரான் உப்புகள் உருகி மேலே ஒரு படலமாகப் படியும். அலுமினியம், மக்னீசியம் ஹைட்ராக்சைடுகள் சிதையும்போது சூட்டை இழுத்துக்கொண்டு நீராவியை விடும். குளோரின், புரோமின் உள்ளவை சுடருக்குள்ளேயே போய் எரியும் வினையை அறுக்கும். நைட்ரஜன் சேர்மங்கள் எரியாத வாயுவைக் கலந்து சுடரை நீர்க்கச் செய்வதோடு பாஸ்பரஸுக்கும் துணை நிற்கும்.

இது புதிய அறிவும் இல்லை. 1821-இல் பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக், பாரிஸ் நாடக அரங்கத் துணிகள் தீப்பிடிக்காமல் இருக்க அம்மோனியம் பாஸ்பேட், அம்மோனியம் குளோரைடு, வெண்காரம் ஆகியவற்றை ஆராய்ந்து எழுதினார். இன்றைக்கு மரத்துக்கு விற்கும் தண்ணீரில் கரையும் மருந்துகளில் பெரும்பாலானவை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

படி 1: பலகை வாழப்போகும் இடத்தைத் தீர்மானியுங்கள்

மழை படாத உள்ளறையா, கடற்கரை ஊரின் ஈரக்காற்றா, தகரக் கூரைக்கு அடியில் கொதிக்கும் இடமா, நேரடி மழையும் வெயிலுமா? இந்த நான்கில் எது என்பதைப் பொறுத்து மருந்தே மாறிவிடும்.

இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன் என்பதற்கு அமெரிக்கா பெரிய விலை கொடுத்துக் கற்ற பாடம் ஒன்று இருக்கிறது. அங்கே வரிசை வீடுகளில் ஒரு வீட்டின் தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமலிருக்க, வீடுகளுக்கு இடையில் உள்ள சுவரைக் கூரைக்கு மேலே உயர்த்திக் கட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக, சுவரை ஒட்டிய கூரைப்பகுதிக்குத் தீத்தடுப்பு ப்ளைவுட் போட்டால் போதும் என்று விதிகள் அனுமதித்தன. செலவு குறைவு என்பதால் கிழக்கு மாநிலங்களில் ஏராளமான வீடுகளில் போட்டார்கள். 1980-களில் புகார்கள் வரத் தொடங்கின. சில ஆண்டுகளே ஆன ப்ளைவுட் கறுத்து, நொறுங்கி, மேலே ஏறியவர் காலுக்கு அடியில் உடைந்தது. தீ எதுவும் பிடிக்கவில்லை. வெயிலில் கூரை சூடாகும்போதெல்லாம் மருந்து சிறிது சிறிதாக அமிலத்தை விட்டது. தீ வரும்போது கரியாக்க வேண்டிய அந்த அமிலம், தீ வராமலேயே செல்லுலோஸை அரித்துவிட்டது. மாடிசனில் உள்ள அரசின் வனப்பொருள் ஆய்வகம் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது. போரேட் எனும் போரான் உப்பைச் சேர்த்தால் அமிலத்தன்மை கட்டுப்பட்டு சேதம் குறைகிறது என்றும் கண்டது. அதன் பிறகுதான், சூட்டில் நாள்பட வைத்து வலிமையை அளக்கும் தனிச் சோதனை முறைகள் அங்கே வந்தன.

நம் ஊரில் தகரக் கூரைக்கு அடியில் மரச் சீலிங் அடிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. அந்த இடைவெளியில் சித்திரை வெயிலில் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அங்கே வெறும் அம்மோனியம் பாஸ்பேட்டோ சல்பேட்டோ வேண்டாம். அதிக வெப்பத்துக்கு என்று சோதித்துச் சான்று பெற்ற மருந்தை மட்டும் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அங்கே மரத்தையே தவிர்த்துவிடலாம்.

கடற்கரை ஊர்களில் சிக்கல் வேறு. அம்மோனியம் உப்புகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நாள் கணக்கில் நிற்கும்போது பலகை வியர்க்கும், பாலிஷ் வெளுக்கும், திருகு துருப்பிடிக்கும், காய்ந்ததும் வெள்ளைப் பொடி பூக்கும். மழை படும் இடத்திலோ, தண்ணீரில் கரைந்து உள்ளே போன உப்பு அதே தண்ணீரில் கரைந்து வெளியே வந்துவிடும். வெளிப்புற வேலைக்கு, மரத்துக்குள்ளேயே பிசினாகி இறுகும் வகை மருந்துகள் தனியாக உள்ளன; அவற்றை ஆலையில்தான் ஏற்ற முடியும். ஐரோப்பாவின் இ.என். 16755 தரம் இதற்காகவே உலர்ந்த உட்புறம், ஈரமான உட்புறம், வெளிப்புறம் என்று மூன்று வகுப்பு வைத்திருக்கிறது. மருந்து விற்பவரிடம் இந்த மூன்றில் எதற்கு உத்தரவாதம் என்று கேட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

படி 2: தீ பரவாமல் இருக்க வேண்டுமா, தீயில் தாங்கி நிற்க வேண்டுமா

இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதைத்தான் அதிகம் பார்க்கிறேன். சுவர்ப் பலகை, சீலிங், மேடை அலங்காரம் போன்றவற்றில் தீ பரவும் வேகம் குறைய வேண்டும். மருந்து வேலை செய்யும் இடம் இதுதான். உத்தரமோ தூணோ தீயில் அரை மணி நேரம் பாரம் தாங்க வேண்டும் என்றால் மருந்தை நம்ப வேண்டாம். மருந்து ஏற்றினாலும் மரம் உள்நோக்கிக் கரியாகும் வேகம் பெரிதாக மாறுவதில்லை. ஐரோப்பிய மரக் கட்டுமான விதியின்படி பைன் போன்ற மென்மரம் நிமிடத்துக்கு 0.65 மில்லிமீட்டர் வீதம் கரியாகும். கனமான வன்மரம் சுமார் 0.5. அரை மணி நேரத்தில் மென்மரத்தில் ஒரு பக்கம் 20 மில்லிமீட்டர் போய்விடும். ஆகவே உத்தரத்துக்கு வழி, தடிமனைக் கூட்டுவது அல்லது ஜிப்சம் பலகை போட்டு மூடுவது. தீக்கதவும் அப்படித்தான்: கதவு, நிலை, கீல், ஓரத்தில் வைக்கும், சூட்டில் பொங்கி விரியும் பட்டை எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பாகச் சோதித்து வாங்க வேண்டிய பொருள் அது. சாதாரணக் கதவில் மருந்து தடவினால் தீக்கதவு ஆகாது.

படி 3: மருந்தைத் தேர்ந்தெடுங்கள்

பட்டறை அளவில் கையாளக்கூடியவை இரண்டு குடும்பங்கள்தான்.

போரேட்: வெண்காரமும் போரிக் அமிலமும். வெண்காரம் நாட்டு மருந்துக் கடையிலும் பொற்கொல்லர் பட்டறையிலும் பார்த்த பொருள். போரிக் பவுடர் கேரம் பலகையில் தூவுவது. இரண்டையும் சேர்த்தே போட வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. வெண்காரம் சுடர் பரவுவதைக் குறைக்கும், ஆனால் சுடர் அணைந்த பின் மரம் கனன்றுகொண்டே இருக்க இடம் கொடுத்துவிடும். போரிக் அமிலம் அந்தக் கனலை அடக்கும், சுடர் பரவலில் அதன் பங்கு குறைவு. தவிர, தனித்தனியே ஒவ்வொன்றும் அறை வெப்பநிலையில் 5 சதவீதத்தை ஒட்டித்தான் தண்ணீரில் கரையும். சேர்த்தால் இரண்டுமே கூடுதலாகக் கரையும். எடையில் வெண்காரம் மூன்று பங்கு, போரிக் இரண்டு பங்கு நல்ல கலவை. 100 லிட்டர் வெந்நீரில் 6 கிலோ வெண்காரம், 4 கிலோ போரிக் என்று கரைத்தால் ஆறினாலும் தெளிவாகவே நிற்கும். கரையானும் பூஞ்சையும் அண்டாது என்பது கூடுதல் லாபம். மரத்தை அரிக்காது, இரும்பையும் பெரிதாகத் துருப்பிடிக்க விடாது. குறை ஒன்றுதான்: தீக்கு எதிரான பலத்தில் பாஸ்பேட்டுக்குக் கொஞ்சம் கீழே.

பாஸ்பேட்: டைஅம்மோனியம் பாஸ்பேட். ஆமாம், வயலுக்குப் போடும் டிஏபி அதே சேர்மம்தான். ஆனால் உர மூட்டையை வாங்கிக் கரைக்காதீர்கள். அதில் கரையாத கசடும் நிறமும் இருக்கும், மரத்தில் கறை விழும். தொழில்முறைத் தரத்தில் வெள்ளைப் படிகமாகக் கிடைப்பதை வாங்குங்கள். 80 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 16 கிலோ டிஏபி, 4 கிலோ போரிக் அமிலம் கரைத்தால் எடையில் 20 சதவீதக் கரைசல். சோதனையைத் தொடங்க இது பொருத்தமான அளவு. போரிக் இங்கே கனலை அடக்கவும், சூட்டினால் மரம் நொறுங்கும் ஆபத்தைத் தணிக்கவும். கலக்கும்போது அம்மோனியா நெடி வரும், திறந்த இடத்தில் வைத்துச் செய்யுங்கள். பித்தளை, செம்புப் பாத்திரம் வேண்டாம். பிளாஸ்டிக் டிரம் போதும்.

அம்மோனியம் சல்பேட் விலை மலிவு என்பதால் சிலர் சேர்ப்பார்கள். துரு அதிகம் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆலை அளவில் குவானைல்யூரியா பாஸ்பேட்டையும் போரிக் அமிலத்தையும் 70-க்கு 30 என்று சேர்க்கும் கலவை நல்ல பெயர் பெற்றது. ஈரத்தை உறிஞ்சுவது குறைவு.

பழைய புரோமின் வகைகள் பக்கம் போகவே வேண்டாம். அழியாமல் நிற்கும் நச்சுப் பொருள்களை ஒழிப்பதற்கான பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009-இல் பென்டா, ஆக்டா வகைகளையும், 2013-இல் எச்பிசிடியையும், 2017-இல் டெகாவையும் அகற்ற வேண்டிய பட்டியலில் சேர்த்தது. மண்ணிலும் தாய்ப்பாலிலும் சேர்ந்து அழியாமல் நிற்பவை அவை.

படி 4: மரத்தைப் பாருங்கள்

ஒரே கரைசல், ஒரே தொட்டி, ஒரே நேரம். ரப்பர் மரம் குடித்துத் தள்ளும், தேக்கின் வைரம் (நடுவில் இருக்கும் கெட்டியான பகுதி) மேலேயே நிறுத்திவிடும். வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளிர் நிறப் பகுதி, எந்த மரத்திலும் ஏறக்குறைய நன்றாக உறிஞ்சும். பைனின் வெளிறு, மா, ரப்பர் எல்லாம் மருந்து ஏற்ற எளியவை. தேக்கு வைரமும் சால் வைரமும் அழுத்தம் கொடுத்தாலும் அடம்பிடிக்கும். அப்படிப்பட்ட மரத்துக்கு உள்ளே ஏற்றும் எண்ணத்தை விட்டுவிட்டு, படி 8-இல் வரும் பூச்சுக்குப் போய்விடுவது நல்லது.

ஈரமும் முக்கியம். அழுத்த முறைக்கு மரத்தின் ஈரம் 25 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து போக இடமே இருக்காது. அறுப்பு, இழைப்பு, துளை, கூர்வெட்டு எல்லாவற்றையும் மருந்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு இழைத்தால் அதிக மருந்து ஏறிய மேல்தோலைத்தான் சீவி எறிவீர்கள். பழைய பெயிண்ட், வார்னிஷ், மெழுகு எதுவும் மேலே இருக்கக் கூடாது.

படி 5: ஏற்றும் முறை

சரியான வழி, வெற்றிட அழுத்த உருளை. அடிப்படை முறை 1838-இல் இங்கிலாந்தில் பெத்தெல் காப்புரிமை பெற்றது; இன்னும் பெரிதாக மாறவில்லை. மரத்தை உருளைக்குள் அடுக்கி மூடி, பாதரச அளவில் 560 மில்லிமீட்டர் வெற்றிடத்தை அரை மணி நேரம் வைத்து மரத்துக்குள் இருக்கும் காற்றை இழுக்க வேண்டும். வெற்றிடம் குறையாமலேயே கரைசலை உள்ளே விட வேண்டும். பிறகு சதுர சென்டிமீட்டருக்கு 3.5 முதல் 12.5 கிலோ வரை அழுத்தம், மரம் குடிப்பது நிற்கும் வரை. கடைசியில் சிறிது நேரம் மீண்டும் வெற்றிடம் வைத்தால் மேலே வடியும் கரைசல் திரும்பிவிடும். ஊரில் மருந்து ஏற்றும் ஆலை இருந்தால், கரையான் மருந்து ஏற்றும் அதே உருளையில் இதையும் கேட்டுப் பார்க்கலாம். முந்தைய மருந்தின் எச்சம் கலக்காமல் தொட்டியைக் கழுவச் சொல்லுங்கள்.

உருளை இல்லாதவர்களுக்கு அடுத்த வழி சூடு-குளிர் தொட்டி. மரத்தை 80, 90 டிகிரி வெந்நீரில் சில மணி நேரம் வைத்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். அதை உடனே குளிர்ந்த மருந்துக் கரைசலில் போட்டால், மிச்சக் காற்று சுருங்கும்போது கரைசலை உள்ளே இழுக்கும். இரவு முழுக்க ஊற விடலாம். அரை அங்குலத்துக்கு உட்பட்ட பலகை, ரீப்பர், வெனீர் இவற்றுக்கு இது நன்றாகவே பலன் தரும். போரேட்டுக்கு இன்னொரு சலுகையும் உண்டு: பச்சை மரத்தை முக்கி எடுத்து, நெருக்கமாக அடுக்கி, தார்ப்பாயால் இறுக மூடி இரண்டு மூன்று வாரம் வைத்தால் மரத்தின் சொந்த ஈரத்தின் வழியாகவே மருந்து மெல்ல உள்ளே பரவும்.

பிரஷ்ஷால் தடவுவது? இந்த உப்புக் கரைசல்களைத் தடவினால் ஒரு மில்லிமீட்டர் போவதே பெரிது. அது தீத்தடுப்புக்கு ஆகாது.

படி 6: எடை போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். உள்ளே போன உப்பைக் காட்டுவது தராசு மட்டும்தான்.

30 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம், 2 தடிமன் உள்ள ஒரு துண்டு: கன அளவு 600 கன சென்டிமீட்டர். மருந்துக்கு முன் 360 கிராம். உருளையிலிருந்து எடுத்து மேலே துடைத்துவிட்டு நிறுத்தால் 500 கிராம். குடித்த கரைசல் 140 கிராம். கரைசல் 20 சதவீதம் என்பதால் உப்பு 28 கிராம். 28-ஐ 600-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் கன மீட்டருக்கு ஏறக்குறைய 47 கிலோ.

இப்போது அதே துண்டை வெறுமனே ஒரு மணி நேரம் முக்கி எடுத்து 30 கிராம்தான் கூடியது என்று வையுங்கள். உப்பு 6 கிராம், அதாவது கன மீட்டருக்கு 10 கிலோ. தீத்தடுப்புக்குப் பொதுவாக வேண்டியது 40 முதல் 80 கிலோ. கரையானுக்கு எதிராகப் போரேட் சில கிலோவே போதும். அந்த அளவை வைத்துக்கொண்டு தீக்கும் இதுவே போதும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஒவ்வொரு அடுக்கிலும் குறைந்தது ஐந்தாறு துண்டுகளை எண் போட்டு நிறுத்து, எழுதி வையுங்கள். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் வந்தால் வெளிறும் வைரமும் கலந்திருக்கிறது என்று பொருள், பிரித்து ஏற்றுங்கள்.

நீளமான பலகையின் முனையில் நிறைய ஏறி நடுவில் ஏறாமலும் போகலாம். ஒரு மாதிரிப் பலகையை நடுவே அறுத்துப் பாருங்கள். போரேட் என்றால், மஞ்சளைச் சாராயத்தில் ஊற வைத்த சாற்றில் சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் சேர்த்து வெட்டுமுகத்தில் தெளிக்கும் சோதனை உலகம் முழுக்க நடப்பில் இருக்கிறது. மருந்து போன இடம் சிவக்கும், போகாத இடம் மஞ்சளாகவே நிற்கும்.

படி 7: உலர்த்துதலும் அதற்குப் பிறகும்

நிழலில், காற்றோட்டமாக, குறுக்கே ரீப்பர் வைத்து அடுக்கி உலர்த்துங்கள். சூளையில் போட்டால் தொடக்கத்தில் 70 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். முன்பு சொன்ன அமிலச் சேதம் சூளையிலேயே தொடங்கிவிடும். உலர்ந்த மரத்தின் வலிமையில் 10 முதல் 20 சதவீதம் வரை குறைத்துக் கணக்குப் போடுவது நல்லது.

திருகும் ஆணியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது நன்றாகத் துத்தநாகம் முக்கியது. பித்தளைக் கீல் பாஸ்பேட் மரத்தோடு ஒத்துப்போகாது. உப்பு ஏறிய முகத்தில் பசை சரியாகப் பிடிக்காமல் போகும், ஒரு துண்டில் ஒட்டி உடைத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ப்ளைவுட்டுக்கு இந்த வேலையே வேண்டாம், இந்தியத் தரமான ஐ.எஸ். 5509 முத்திரை உள்ள தீத்தடுப்பு ப்ளைவுட்டாக வாங்குங்கள். அப்புறம் ஒன்று: மரம் முழுக்க மருந்து ஏற்றிவிட்டு மேலே கனமாக நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர் அடித்தால், முதலில் தீப்பிடிப்பது அந்த லாக்கர்தான்.

படி 8: சூட்டில் உப்பி எழும் பூச்சு

ஏற்கெனவே பொருத்திவிட்ட மரம், பழைய வீட்டின் தேக்குச் சீலிங், கோயில் மண்டப மரவேலை இவற்றை உருளைக்குள் கொண்டுபோக முடியாது. இவற்றுக்கு இருக்கும் வழி, சூட்டில் உப்பி எழும் பூச்சு. அதில் மூன்று சரக்கு: அமிலம் தரும் அம்மோனியம் பாலிபாஸ்பேட், கரி தரும் பென்டாஎரித்ரிடால், வாயு தரும் மெலமைன். சூடு ஏறியதும் மூன்றும் சேர்ந்து, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி மேலே எழும்பி, நுரைத்த கரிப் போர்வையாகி மரத்தை மூடும். மரம் தெரியும்படி நிறமற்ற வகையும் கிடைக்கிறது.

இதில் எல்லாமே அளவுதான். சதுர மீட்டருக்கு 300 முதல் 500 கிராம் வரை போட வேண்டிய பூச்சை, சாதாரண வார்னிஷ் போல 100 கிராமில் இழுத்துவிட்டால் காசு மட்டும்தான் போகும். காலி டப்பாக்களை எண்ணி, பரப்பால் வகுத்துப் பாருங்கள். ஒப்பந்தக்காரர் எவ்வளவு அடித்தார் என்பது தெரிந்துவிடும். மேல்பூச்சு அதே தயாரிப்பாளர் சொன்னதாகவே இருக்கட்டும். வழக்கமான பாலியூரித்தேன் அடித்தால் உப்புவதைத் தடுக்கலாம். கழுவித் துடைக்கும் இடத்தில் பூச்சு நாளடைவில் தேயும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மறுபூச்சு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

படி 9: டபிள்யூபிசி என்றால் கதை வேறு

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து உருக்கிப் பிழிவது டபிள்யூபிசி. முதலில் எந்தப் பிளாஸ்டிக் என்று கேளுங்கள். நம் ஊர்க் கடைகளில் சமையலறை அலமாரிக்கும் குளியலறைக் கதவுக்கும் விற்பதில் பெரும்பகுதி பிவிசி அடிப்படை. பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அதனால் நெருப்பை எடுத்தால் தானாக அணையும். தீப்பெட்டியைக் காட்டி அணைந்துவிட்டது பாருங்கள் என்று கடைக்காரர் காட்டுவது உண்மைதான். ஆனால் பக்கத்தில் வேறு பொருள் எரிந்துகொண்டிருக்கும் உண்மையான தீயில், அதே பலகை ஹைட்ரஜன் குளோரைடு வாயுவையும் கரும்புகையையும் விடும். கண்ணும் தொண்டையும் எரிந்து வழி தெரியாமல் போவது அதனால்தான். ஒரே வழியுள்ள நெரிசலான இடத்தில் சுவர் முழுக்க இதை அடிப்பதை நான் எதிர்ப்பேன்.

வெளித்தளப் பலகைகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அடிப்படை. ஒரு கிலோ மரம் எரிந்தால் ஏறக்குறைய 18 மெகாஜூல் வெப்பம்; ஒரு கிலோ பாலிஎத்திலீன் எரிந்தால் 43-க்கு மேல். அதோடு அது உருகிச் சொட்டி தீயைக் கீழே கொண்டுபோகும். மரத்தூள் சேர்வதால் இங்கே நன்மைதான்: கரி கிடைக்கும், சொட்டுவது குறையும்.

தயாரிப்பவர்களுக்கு முதல் தடை வெப்பநிலை. மரத்தூள் 200 டிகிரிக்கு மேல் கருகத் தொடங்கும் என்பதால் பிழியும் சூடு அதற்குள் அடங்க வேண்டும். மருந்து இந்தச் சூட்டைத் தாங்கி, தீயில் மட்டும் வேலையைத் தொடங்க வேண்டும். மலிவான அலுமினியம் ஹைட்ராக்சைடு 180, 200 டிகிரியிலேயே தண்ணீரை விடத் தொடங்குவதால் பலகை நுரைத்துப் போகும் அபாயம் உண்டு. மக்னீசியம் ஹைட்ராக்சைடு 300 டிகிரியைத் தாண்டியே சிதையும், பாதுகாப்பானது. ஆனால் தனியாக நின்று பலன் தர 40, 50 சதவீதம் வேண்டியிருக்கும், பலகை நொறுங்கலாகும். அம்மோனியம் பாலிபாஸ்பேட்டில் இரண்டாம் படிக வகை மட்டும் வாங்குங்கள்: நீண்ட சங்கிலி, தண்ணீரில் மிகக் குறைவாகக் கரையும், பிழியும் சூட்டைத் தாங்கும். கரிக்கு வேண்டிய மூலத்தை மரத்தூளே கொடுத்துவிடும் என்பதால் இந்தக் கலவையில் அது அழகாகப் பொருந்துகிறது. படி 1-இல் சொன்ன மாடிசன் ஆய்வகம் 2010-இல் மரத்தூள்-பாலிஎத்திலீன் கலவையில் ஐந்து மருந்துகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்விலும் மக்னீசியம் ஹைட்ராக்சைடும் அம்மோனியம் பாலிபாஸ்பேட்டும்தான் முன்னால் வந்தன. புரோமின் வகையும் துத்தநாக போரேட்டும் பின்தங்கின. துத்தநாக போரேட்டைச் சிறிதளவு துணைக்கும், பூஞ்சையைத் தடுக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

சோதனை ஓட்டத்துக்கு எடைக் கணக்கில் ஒரு தொடக்கம்: மரத்தூள் 40, உயர் அடர்த்தி பாலிஎத்திலீன் 31, அம்மோனியம் பாலிபாஸ்பேட் 20, துத்தநாக போரேட் 3, மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் பிணைக்கும் இணைப்புப் பொருளாக மலீயிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிஎத்திலீன் 3, பிழியும்போது வழுக்கிக்கொண்டு வர உதவும் வழுக்கி 3. மரத்தூளின் ஈரம் 1 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை உலர்த்துங்கள். வழுக்கியாகத் துத்தநாக ஸ்டியரேட்டைப் போட்டால் அது இணைப்புப் பொருளின் வேலையைக் கெடுக்கும், எஸ்டர் வகை வழுக்கியைத் தேடுங்கள். வெயிலுக்குச் சேர்க்கும் அமீன் வகை நிலைப்படுத்திகள் அமிலம் விடும் மருந்துகளோடு சேர்ந்தால் மந்தமாகிவிடும், அதையும் சரக்கு தருபவரிடம் கேளுங்கள். விரியும் கிராபைட் நல்ல பலன் தரும், ஆனால் பலகை கறுப்பாகத்தான் வரும். கரும் நிறத் தளத்துக்குச் சரி.

படி 10: எரித்துப் பாருங்கள், பிறகு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்

பட்டறையில் செய்யும் சோதனை ஒப்பிட மட்டுமே. ஒரே மரத்தில் மருந்து ஏற்றியது, ஏற்றாதது என்று ஒரே அளவில் மும்மூன்று துண்டுகள் எடுத்து நன்றாக உலர்த்தி நிறுத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில், பக்கத்தில் மணலும் தண்ணீரும் வைத்து, 45 டிகிரி சாய்வாக நிறுத்தி, கேஸ் பர்னரின் சுடரை அடிமுனையில் இரண்டு நிமிடம் காட்டுங்கள். பற்றிய நேரம், சுடரை எடுத்த பின் எரிந்த நேரம், அதன் பின் கனன்ற நேரம், எடை இழப்பு நான்கையும் எழுதுங்கள். சுடர் உடனே அணைந்து கனல் மட்டும் நீண்டால் போரிக் பங்கைக் கூட்ட வேண்டும்.

சான்றுக்கு இந்தச் சோதனை செல்லாது. இந்தியாவில் ஐ.எஸ். 5509 ப்ளைவுட்டிடம் மூன்று கேட்கிறது: பற்ற 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, ஒவ்வொரு 6 மில்லிமீட்டர் தடிமனையும் சுடர் துளைக்க 15 நிமிடமாவது ஆக வேண்டும், எடை இழப்பு 30 சதவீதத்திலிருந்து 70 சதவீதத்துக்குப் போக 20 நிமிடமாவது ஆக வேண்டும். ஏற்றுமதி என்றால் அமெரிக்காவின் இ84 சுரங்கச் சோதனை: தீப்பரவல் எண் 25-க்குள், புகை எண் 450-க்குள் இருந்தால் ஏ வகுப்பு. ஐரோப்பாவில் சாதாரண மரம் டி வகுப்பில் நிற்கும், நல்ல மருந்து ஏற்றியது பி வரை போகும். பக்கத்தில் வரும் எஸ் எண் புகையையும் அடுத்த சிறிய டி எண் சொட்டுவதையும் சொல்லும், சான்றிதழில் அந்த இரண்டையும் விடாமல் பாருங்கள். டபிள்யூபிசி விற்பவர்கள் ஆக்சிஜன் குறியீடு என்று ஓர் எண் காட்டுவார்கள்; பொருள் தொடர்ந்து எரியக் குறைந்தது எத்தனை சதவீத ஆக்சிஜன் வேண்டும் என்பது அது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்; வெறும் பாலிஎத்திலீனின் எண் 18-க்குள். 26, 28-க்கு மேல் இருந்தால் நல்லது. ஆனால் அது சின்னத் துண்டில் செய்யும் சோதனை, புகையைப் பற்றி எதுவும் சொல்லாது. எரியும்போது வெளிவரும் வெப்பத்தையும் புகையையும் அளக்கும் கோன் கலோரிமீட்டர் கருவியின் அறிக்கை இருந்தால் அதையே கேளுங்கள்.

சான்றிதழில் இருக்கும் தடிமனும் மரவகையும் மருந்தின் கிலோ அளவும் உங்கள் வேலையோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். 18 மில்லிமீட்டருக்கு வாங்கிய சான்று 6 மில்லிமீட்டருக்குச் செல்லாது.

படி 11: கையும் மூச்சும், மிச்சத் துண்டும்

போரிக் அமிலத்தை இனப்பெருக்கத்துக்குத் தீங்கானது என்று ஐரோப்பா 2010-இல் கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. பொடியைக் கொட்டும்போது முகமூடியும் கையுறையும் கட்டாயம். கர்ப்பிணிகள் இந்த வேலையில் வேண்டாம். குழந்தைகள் வாயில் வைக்கும் தொட்டில், பொம்மை, உணவு படும் பலகை எதற்கும் இந்த மருந்துகள் கூடாது. மருந்து ஏற்றிய மரத்தை இழைக்கும் தூளையும் மூச்சில் விடாதீர்கள். மிஞ்சிய கரைசலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். போரான் சிறிது கூடினாலே செடி கருகும், பாஸ்பேட் குளத்தில் பாசியைப் பெருக்கும். மூடி வைத்து, செறிவைச் சரிபார்த்து, அடுத்த அடுக்குக்குப் பயன்படுத்துங்கள்.

மருந்து ஏற்றிய மரத்துண்டுகளை விறகோடு சேர்த்து அடுப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். பிவிசி பலகைத் துண்டுகளை டீக்கடை அடுப்பிலும் செங்கல் சூளையிலும் எரிப்பது நடக்கிறது. அந்தப் புகையில் அமிலமும் டயாக்சின் என்ற நச்சும் வரும். பட்டறையில் தனிச் சாக்கு வைத்து, மேலே பெரிய எழுத்தில் எழுதி, வேலைக்கு வரும் பையன்களுக்கும் சொல்லி வையுங்கள். பொருத்தி முடித்த வேலையின் பின்பக்கத்தில் மருந்தின் பெயர், கிலோ அளவு, ஏற்றிய தேதி மூன்றையும் அழியாத மையில் எழுதிவிடுங்கள்; இருபது ஆண்டு கழித்து அதைக் கழற்றும் தச்சருக்கு அது வேண்டும்.